பானையின் வாய் குறுகட்டும்

காலராவின் தாய்வீடு என்று பெயர் வாங்கிய கொல்கத்தாதான், அந்த நோயை வீட்டுக்குள்ளேயே தடுக்கும் எளிய வழிகளையும் காட்டிக் கொடுத்தது. ஒரு கூஜா, ஒரு துண்டு சோப்பு, கொஞ்சம் உப்பும் சர்க்கரையும்.

கிடர்பூரின் தெருக்களுக்கு அடியில் நெடுங்காலம் இரண்டு வகைத் தண்ணீர் ஓடியது. ஒன்று, நகருக்கு வடக்கே பல்தாவில் வடிகட்டப்பட்டுக் குழாய் வழியாக வந்த குடிநீர். மற்றது, ஹூக்ளி ஆற்றிலிருந்து அப்படியே உறிஞ்சி அனுப்பப்பட்ட கலங்கல் நீர். தெருக் கழுவ, தீ அணைக்க, கழிவறையில் ஊற்ற என்று இரண்டாவதற்கு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கலங்கல் நீரை ஏற்றி அனுப்பிய நிலையங்களில் ஒன்று கிடர்பூரை ஒட்டிய வாட்கஞ்சில்தான் இருந்தது.

காகிதத்தில் இந்த ஏற்பாடு தெளிவாக இருந்தது. நல்ல தண்ணீர்க் குழாய் காய்ந்து கிடக்கும்போது, பக்கத்தில் கலங்கல் நீர் பொங்கி வழிந்தால் என்ன நடக்கும் என்பதைக் காகிதம் யோசிக்கவில்லை. பாத்திரம் கழுவவும், குளிக்கவும், வாய் கொப்பளிக்கவும் எது கைக்கெட்டியதோ அதையே மக்கள் எடுத்தார்கள். 1950களிலும் 60களிலும் கல்கத்தாவில் காலரா ஏன் ஒழிய மறுக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இந்த இரண்டாம் குழாயைத் திரும்பத் திரும்பச் சுட்டிக் காட்டினார்கள். 1959ல் உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய நிபுணர் குழு பார்த்துவிட்டுச் சொன்னதும் தண்ணீர், சாக்கடை இரண்டையும் பற்றித்தான்.

இந்த நிலைமையைப் புரிந்துகொள்ள கிடர்பூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1892ல் இங்கே துறைமுகத் தளம் திறக்கப்பட்டது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தெலுங்குச் சீமையிலிருந்தும் ஆட்கள் வேலை தேடி வந்து குவிந்தார்கள். பக்கத்து கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகம் அமைந்ததால் தென்னாட்டுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆட்கள் பெருகிய வேகத்தில் அறைகள் பெருகவில்லை, கழிவறைகள் இன்னும் பெருகவில்லை. ஒரு முற்றம், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கழிவறை, தெருமுனையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வரும் குழாய். கொல்கத்தாவாசிகள் 'பஸ்தி' என்று சொல்லும் குடியிருப்பின் இலக்கணம் இதுதான். குழாயில் வரும் நேரத்தில் பிடித்து, வராத நேரத்துக்குச் சேர்த்து வைத்தாக வேண்டும். சேர்த்து வைக்கும் அந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால், குழாயில் சுத்தமாக வரும் தண்ணீரும் வீட்டுக்குள் வந்த பிறகு கெட்டுப் போகிறது. இது வெகுகாலம் யாருக்கும் உறைக்காத விஷயம்.

குளத்தில் தொடங்கிய கதை

காலராவை ஆராய்ந்தவர்களின் கண்கள் முதலில் வெளியில் இருந்த தண்ணீரின் மேலேயே இருந்தன. அதற்குக் காரணமும் இருந்தது. ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோஹ் எகிப்திலிருந்து புறப்பட்டு 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அடுத்த சில வாரங்களில், காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமிதான் காலராவுக்குக் காரணம் என்று அறிவித்தார். அந்தக் கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டும் அல்லாமல், நகரின் புறப்பகுதியில் மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்திலும் கண்டார். அன்று முதல் குளம், ஆறு, குழாய் என்றே ஆராய்ச்சி நடந்தது.

அந்தக் கிருமி குடலில் என்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தவரும் கல்கத்தாக்காரரே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சம்பு நாத் தே, கிருமி வெளியிடும் ஒரு நச்சுதான் குடலை நீராகக் கொட்ட வைக்கிறது என்பதை 1959ல் நிரூபித்தார். கிருமி குடலைத் தின்பதும் இல்லை, ரத்தத்தில் நுழைவதும் இல்லை. குடலின் மதகைத் திறந்து விடுகிறது, அவ்வளவுதான். கடுமையான நோயில் ஒரு பெரியவர் மணிக்கு ஒரு லிட்டர்கூட இழக்கலாம். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லாமல் போவது இப்படித்தான். வாழ்ந்த காலத்தில் தேவுக்கு உள்நாட்டில் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது இன்றும் பலர் சொல்லி வருந்தும் விஷயம். அவர் 1985ல் காலமானார்.

இதற்கிடையில் எதிரி உருவம் மாறியது. 1961ல் இந்தோனேசியாவில் கிளம்பிய 'எல்டார்' வகைக் காலரா 1964ல் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. பழைய வகையைவிட இது பொதுவாகச் சாது. அதுவே இதன் சூழ்ச்சியும்கூட. எல்டார் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்கு லேசான வயிற்றுப்போக்கோடு சரி. ஆனால் அவர்களும் சில நாட்களுக்குக் கிருமியை வெளியேற்றிக் கொண்டிருப்பார்கள். ஆக ஒரு வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, நன்றாக நடமாடும் இன்னொருவர் கை கழுவாமல் வந்து பானையில் தம்ளரை முக்கினால் போதும். நோய் வெளியிலிருந்து இரண்டாம் முறை வர வேண்டிய அவசியமே இல்லை.

1992 இறுதியில் இன்னொரு புதுமுகம் வந்தது. முதலில் தென்பட்டது சென்னையில். பிறகு கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பெரியவர்களையும் சேர்த்துச் சாய்த்தது. கல்கத்தாவின் தேசிய காலரா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டி. ராமமூர்த்தியும் சக விஞ்ஞானிகளும் இதைப் பற்றி 1993ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வங்கக் கடலோரத்தில் தோன்றியதால் இந்த ஓ139 வகைக்கு 'பெங்கால்' என்று பெயர் வைத்தார்கள். (பேலியாகாட்டாவில் உள்ள அந்த நிறுவனத்தின் பெயரும் இப்போது தேசிய பாக்டீரியா தொற்று ஆராய்ச்சி நிறுவனம் என்று மாறிவிட்டது.) பழைய காலராவுக்கு உடலில் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு சக்தி புதியதிடம் எடுபடவில்லை. கிருமி வேஷம் மாற்றலாம். அது வாய்க்குள் போகும் வழி மட்டும் மாறவில்லை.

சொராய் செய்த வேலை

அந்த வழியை அடைக்க என்ன செய்யலாம் என்று கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஒரு சோதனை நடந்தது. பி.சி. தேப் தலைமையிலான ஆய்வாளர்கள் அதன் முடிவை 1986ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். காலரா நோயாளி கண்டறியப்பட்ட குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் வீடுகளில் சேர்த்து வைத்த தண்ணீரில் குளோரின் கலந்தார்கள். இன்னொரு பிரிவுக்கு 'சொராய்' கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவு வழக்கம்போல் இருந்தது.

சொராய் என்பது வேறொன்றும் இல்லை, கழுத்து குறுகிய மண் கூஜா. கோடையில் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்க வடநாட்டில் காலங்காலமாகப் புழங்கும் சுராஹிதான். கை நுழையாது, தம்ளரும் நுழையாது. சாய்த்து ஊற்றினால்தான் தண்ணீர் வரும்.

முடிவு ஆய்வாளர்களையே யோசிக்க வைத்திருக்க வேண்டும். வழக்கம்போல் இருந்த குடும்பங்களோடு ஒப்பிட்டால், குளோரின் கலந்த வீடுகளில் நோய் தொற்றியது பாதிக்கும் கீழே குறைந்தது. சொராய் வைத்த வீடுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. வேதிப்பொருளை மண்பானை முந்திவிட்டது.

காரணத்தை ஊகிக்கலாம். குளோரினை நினைவாக ஒவ்வொரு நாளும், சரியான அளவில் போட வேண்டும். போட்ட பிறகும் அழுக்குக் கை உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மருந்தின் வேகம் தீர்ந்து போகும். கூஜாவுக்கு நினைவாற்றல் தேவையில்லை. அவசரத்தில் இருக்கிற அம்மா, விளையாட்டிலிருந்து ஓடி வருகிற பையன், கண் தெரியாத தாத்தா, எல்லோரையும் அது ஒரே மாதிரி தடுக்கிறது. சுகாதாரப் பிரசாரம் பொதுவாக மனிதர்களைத் திருத்தப் பார்க்கும். இங்கே பாத்திரத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

இது கல்கத்தாவுக்கு மட்டுமான உண்மை அல்ல. 1991ல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் காலரா வெடித்தபோது, ட்ருஹீயோ நகரில் ஆய்வாளர்கள் கிணறு, குழாய், வீட்டுத் தொட்டி என்று ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரைச் சோதித்தார்கள். வீட்டில் சேர்த்து வைத்த தண்ணீரில்தான் மலக் கிருமிகள் அதிகம் இருந்தன. அதன் பிறகு அமெரிக்க நோய்த் தடுப்பு மைய விஞ்ஞானிகள் வாய் குறுகிய, அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் கலங்களை வளரும் நாடுகளுக்குச் சிபாரிசு செய்தார்கள். நம் ஊர் குயவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இல்லை. ரயில் பயணத்துக்குத் திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா எடுத்துக்கொண்டு போன தலைமுறை இன்னும் இருக்கிறது. மூக்கு வைத்த கெண்டி பல வீடுகளில் இருந்தது. கிடர்பூர் முஸ்லிம் வீடுகளில் கைகால் கழுவப் பயன்படும் 'பத்னா' அதற்கு உறவுமுறைதான். தம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை வேறு மாநிலத்தவர் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். எச்சில் என்ற எண்ணத்தில் பிறந்த பழக்கம், கிருமி விஷயத்திலும் நல்லதே செய்திருக்கிறது. அதே வீட்டில்தான் அகல வாய் அண்டாவும் இருக்கும், அதில் சொம்பை விட்டு மொண்டு குடிப்பதும் நடக்கும். அப்போது சொம்பின் விளிம்பைப் பிடித்த நான்கு விரலும் தண்ணீரில் குளித்து எழும். ஒரே சமையலறையில் ஒரு நல்ல பழக்கமும் அதை வீணாக்கும் பழக்கமும் அருகருகே.

இன்றைக்குக் காட்சி மாறியிருக்கிறது, கோளாறு மாறவில்லை. சென்னை வீடுகளில் 20 லிட்டர் கேன். கிடர்பூரிலும் அதே நீலக் கேன். வாய் குறுகியதுதான், மூடி போட்டதுதான். ஆனால் கேனைத் தூக்கிச் சாய்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று, வந்தவுடன் அகலப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அதில் தம்ளரை முக்குபவர்கள் ஏராளம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சுத்திகரிப்புக் கருவி வாங்கியவர்களும் அதன் தண்ணீரைத் திறந்த குடத்தில் பிடித்து வைப்பதுண்டு. காய்ச்சிய தண்ணீருக்கும் இதே கதிதான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் காலராக் கிருமி செத்துவிடும். அரை மணி கொதிக்க விட்டு எரிவாயுவை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறியதும் விரல் பட்டால் கொதித்ததெல்லாம் வீண்.

செம்புப் பாத்திரத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெங்களூரில் பாரம்பரிய மருத்துவத்தை ஆராயும் ஒரு அமைப்பின் விஞ்ஞானிகள், வயிற்றுப்போக்குக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு பார்த்தபோது காலராக் கிருமி உள்பட எதையும் உயிரோடு மீட்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்த செம்பின் அளவும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தது. 2012ல் வெளியான முடிவு இது. பாட்டி சொன்னது சரி. ஆனால் 16 மணி நேரம் என்பதை மறக்கக் கூடாது. காலையில் ஊற்றி மதியம் குடிப்பவருக்கு இந்த முடிவை வைத்து எந்த உத்தரவாதமும் தர முடியாது. புளி, எலுமிச்சை கலந்த எதையும் செம்பில் வைக்கவும் கூடாது.

கூஜாவுக்கும் ஒரு குறை உண்டு. கை நுழையாத பாத்திரத்தைத் தேய்ப்பது எப்படி? ஒரு கை கல் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு வேகமாகக் குலுக்கலாம், அல்லது நீண்ட காம்பு வைத்த பாட்டில் பிரஷ் வாங்கிக் கொள்ளலாம். குலுக்கிக் கழுவியதும் கவிழ்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது. கூஜா வாங்க முடியாதவர்கள் இருக்கிற பானைக்குத் தட்டு போட்டு மூடி, நீண்ட காம்புள்ள அகப்பையை அருகில் ஆணியில் மாட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. அகப்பையைப் பானைக்குள்ளேயே போட்டு வைப்பவர்கள் மறுபாதியைக் கெடுக்கிறார்கள்.

கை

கிடர்பூர் சந்தைப் பக்கம் மாலையில் போனால் புச்கா வண்டிகளைப் பார்க்கலாம். நம் ஊரில் பானி பூரி. கடைக்காரர் பூரியை விரலால் உடைத்து, மசாலா அடைத்து, புளித்தண்ணீர்ப் பானைக்குள் கையோடு முக்கி எடுத்துத் தருவார். நீரில் கை படுவதால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்முறை விளக்கம் கிடையாது. காலராக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது என்பது சின்ன ஆறுதல். எல்லாக் கிருமிகளும் அப்படிக் கூச்ச சுபாவம் உள்ளவை அல்ல.

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால், 'எங்களுக்குத் தெரியாதா' என்று எல்லோரும் சொல்வார்கள். தெரியும். தண்ணீரில் நனைத்துவிட்டு முந்தானையில் துடைப்பதைத்தான் பலர் கழுவுவது என்கிறார்கள். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சோப்பும் கை கழுவச் சொல்லித் தரும் ஆளும் வாரா வாரம் வீடு தேடிப் போன குடும்பங்களில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியாவும் பாதியானது. கிருமி நாசினி கலந்த விலை உயர்ந்த சோப்பு, சாதாரண சோப்பைவிட எந்த விதத்திலும் அதிகம் சாதிக்கவில்லை. விளம்பரங்களில் இந்தத் தகவலை எதிர்பார்க்க வேண்டாம். சோப்பின் வேலை, கையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையோடு கிருமியையும் கழற்றிவிடுவது. அதற்குத் தேய்ப்புதான் முக்கியம். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று 20 விநாடி தேய்க்க வேண்டும். கழுவிய கையை உதறிக் காய விடுவது, அழுக்குத் துண்டில் துடைப்பதைவிட மேல்.

எப்போது என்பதும் முக்கியம். நாள் முழுவதும் கழுவிக்கொண்டே இருக்க யாராலும் முடியாது, குழாயில் தண்ணீர் நேரம் பார்த்து வரும் பஸ்தியில் கேட்கவே வேண்டாம். கழிவறை போய் வந்த பிறகு, சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் சாப்பிடுவதற்கும் முன்பு, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு. கடைசியில் சொன்னதுதான் பெரும்பாலும் விட்டுப் போகிறது. கைக்குழந்தையின் மலத்தில் தோஷம் இல்லை என்ற நம்பிக்கை வங்கத்திலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. உண்மையில் வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு மிகவும் பிடித்த இருப்பிடம் குழந்தைகளின் குடல்தான்.

பழி யார் மேல்?

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். எழவும் வேண்டும். சுத்தமான தண்ணீரும் ஒழுங்கான சாக்கடையும் தர வேண்டியது நகராட்சி. அதைச் செய்யாமல், பானையை மாற்று, கையைக் கழுவு என்று ஏழைப் பெண்ணுக்குப் பாடம் நடத்துவது நியாயமா? தண்ணீர் பிடிப்பது, சேர்ப்பது, மூடுவது, கழுவுவது எல்லாமே பெண்கள் தலையில். நோய் வந்தால் பழியும் அங்கேதான்.

நியாயம் இல்லைதான். ஐரோப்பிய நகரங்களை விட்டுக் காலரா ஓடியது கூஜாவால் அல்ல, குழாயாலும் பாதாளச் சாக்கடையாலும். கிடர்பூரின் நிலைமையும் கார்டன் ரீச் குடிநீர் நிலையம் வந்த பிறகே தேறியது. பழக்கத்தைப் பற்றிய பேச்சு குழாயைப் பற்றிய கேள்வியை அமுக்கிவிடக் கூடாது. தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் போனால், இரண்டிலும் விரிசல் இருந்தால், எந்தக் கூஜாவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இதற்குச் சாட்சி தேடிக் கொல்கத்தா போக வேண்டாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா கண்டறியப்பட்டு, புதுச்சேரி அரசு அங்கே பொது சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளிகளை மூடினார்கள். சந்தேகம் விழுந்தது குடிநீரில் கழிவுநீர் கலந்ததன் மேல். காலரா என்பது தாத்தா காலத்துக் கதை என்று நினைத்திருந்த காவிரிப் படுகைக்கு அது ஒரு அதிர்ச்சி. அதிகாரிகள் குழாயைச் சரி செய்ய வேண்டிய அதே நாட்களில், வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சி மூடி வைக்கவும் வேண்டியிருந்தது. குழாய் சரியாகும்வரை குழந்தை காத்திருக்காது.

உப்பும் சர்க்கரையும்

இத்தனைக்கும் பிறகும் யாராவது ஒருவருக்கு வயிறு போகத்தான் போகும். அப்போது வீட்டில் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதுதான் பல சமயம் உயிரைக் காக்கிறது. இந்தப் பாடமும் வங்கத்திலிருந்தே வந்தது.

1971. வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவின் சிறிய ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்து கொண்டிருந்தது. அங்கே அனுப்பப்பட்ட கொல்கத்தா டாக்டர் திலீப் மகாலனபிஸ், அன்று ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை நம்பி இறங்கினார். காலரா குடலின் மதகைத் திறந்துவிட்டாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து பெரிய டிரம்களில் வைத்தார். ஊற்றிக் கொடுத்தது நர்ஸ்கள் அல்ல, நோயாளிகளின் தாயும் தங்கையும்தான். முகாமில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு, இந்த முறையில் பார்க்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

டாக்டர்கள் உடனே நம்பிவிடவில்லை. படிப்பறிவில்லாதவர்கள் கையில் இதைக் கொடுப்பதா என்று தயங்கினார்கள். 1978ல் 'லான்செட்' இதழ், இது அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகாலனபிஸ் 2022ல் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023ல்.

வீட்டில் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. எனவே கலந்ததை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடலாம்.

வயிற்றைக் காயப் போடுவது நம் ஊரின் பழைய வைத்தியம். தாய்ப்பாலைக்கூட நிறுத்தும் வீடுகள் உண்டு. இதைவிடப் பெரிய தவறு இல்லை. பால், கஞ்சி, குழைந்த சாதம் எல்லாம் தொடர வேண்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை விஞ்ஞானமும் இப்போது மரியாதையோடு பார்க்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் எளிதில் செரிக்காத ஒரு வகை மாச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது, நீரிழப்பும் குறைந்தது. 2000ம் ஆண்டில் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளியானது. குழந்தைகளுக்கு டாக்டர்கள் 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். வயிறு இரண்டாம் நாளே நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கண் குழி விழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழைய நிலைக்குப் போகாவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாவிட்டால், குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மருந்துக் கடையில் பொட்டலம் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். வண்ண டப்பாக்களில், பழச்சுவையோடு, 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு பல பானங்கள் வருடக்கணக்கில் விற்றன. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. வயிற்றுப்போக்கை அவை கூட்டத்தான் செய்யும். 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளை இந்தப் பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டருக்கான பொட்டலம் 20.5 கிராம் இருக்கும். அதில் குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.